கையில் மைக், முன்னால் ஊர்

புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடுகிறவர் கைதட்டலுக்காகப் பாடுவதில்லை. கயிறு நகரவேண்டும், அதற்காகப் பாடுகிறார். அவர் ஒரு வரியைத் தூக்கிக் கொடுக்க, கயிற்றைப் பிடித்து நிற்பவர்கள் அதை வாங்கிச் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். அம்பாவில் சாமி வரும், காற்று வரும், இடையிடையே பகிடியும் வரும். கை தளர்ந்து நிற்கிறவனுக்கு அதிலேயே ஒரு குத்து விழும். குத்து வாங்கியவன் கோபித்துக்கொண்டு வாடிக்குப் போய்விடுவதில்லை. குத்தியவரின் கையிலும் அதே கயிறு, அதே காய்ப்பு. இழுக்காமல் கரையில் குந்தியிருக்கும் ஒருவர் அதே பகிடியைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு வலை கரை சேர்ந்திருக்காது.

ஸ்டாண்ட்-அப் காமெடி பண்ணவேண்டும் என்று கிளம்பும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். சென்னையின் அலெக்சாண்டர் பாபு போன்றவர்களைப் போனில் பார்த்துவிட்டு, நமக்கும் இது வரும் என்று ஆசைப்படுவதில் தவறு ஒன்றுமில்லை. அந்த ஆசைக்கு இருக்கும் முதல் வாசல் ஓப்பன் மைக். பெயரைக் கொடுத்தால் போதும், நாலைந்து நிமிடம் மேடை கிடைக்கும். முன் அனுபவம் கேட்கமாட்டார்கள், பெரும்பாலும் சம்பளமும் கொடுக்கமாட்டார்கள். புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். பஸ் ஏறிப் போகிறவர் போகலாம். போகமுடியாதவருக்குப் பாடசாலை மண்டபமும் வாசிகசாலையும் கலியாண வீட்டு முற்றமும் இருக்கின்றன. ஒரு மைக்கும் இருபது கதிரையும் இருந்தால் கல்பிட்டியிலும் ஓப்பன் மைக் நடத்தலாம்.

வாசல் அகலமாக இருக்கிறது என்பதற்காகக் காலில் இருக்கும் மண்ணோடு உள்ளே போகக்கூடாது.

நேரத்திலிருந்து தொடங்குவோம். அறுபது பேர் இருக்கும் மண்டபத்தில் ஐந்து நிமிடம் பேசுகிறவர் ஐந்து மணித்தியால மனித நேரத்தை எடுத்துக்கொள்கிறார். விடியக் கடலுக்குப் போகவேண்டியவர் அங்கே இருக்கலாம், உப்பளத்தில் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு வந்தவர் இருக்கலாம். அவர்கள் கொண்டுவந்து வைப்பது அவர்களுடைய ஓய்வு. நேரம் முடியப்போகிறது என்று பின்னாலிருந்து விளக்கைக் காட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகும் “கடைசியா ஒண்டு” என்று இழுப்பவர் அடுத்துக் காத்திருக்கும் புதியவரின் நிமிடத்தை எடுத்துச் செலவழிக்கிறார். அதற்கு வேறு பெயர் தேடவேண்டியதில்லை. ஐந்து நிமிடம் தந்தால் நாலு நிமிடத்துக்கு எழுதிக்கொண்டு போங்கள். சிரிப்பும் இடம் கேட்கும். உங்கள் முறை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறாமல் கடைசி ஆள் இறங்கும்வரை இருந்து கேளுங்கள். உங்களுக்குக் காது கொடுத்தவர்களில் பாதிப்பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள்தானே.

தொழில் நுணுக்கத்திலும் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. இலங்கைத் தமிழரிடையே தனியொருவர் மேடையில் நின்று சிரிக்கவைக்கும் கலை நேற்று வந்ததல்ல. தனிநடிப்பு என்ற பெயரில் அது வெகுகாலமாக இருக்கிறது. கரவெட்டியில் 1944இல் பிறந்து 2014இல் கனடாவில் காலமான கே. எஸ். பாலச்சந்திரன், ‘அண்ணை றைற்’ என்ற தனிநடிப்பில் ஒரு முழு பஸ்ஸையும் ஒற்றை ஆளாக ஓட்டிக் காட்டினார். நடத்துநரும் அவர்தான், நெரிசலில் நிற்கும் பயணிகளும் அவர்தான். புதியவர்கள் அதைத் தேடிக் கேட்கவேண்டும். கேட்டால் ஒன்று பிடிபடும்: பாத்திரங்கள் நேரே பேசுகின்றன, யார் என்ன சொன்னார் என்று அறிக்கை வாசிக்க நடுவில் யாரும் நிற்பதில்லை.

நம் பேச்சுத் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது வாக்கியத்தின் கடைசியில் ஒரு வால் வந்து தொங்கிவிடும். ஒரு பையன் தன் முதல் நாள் கரைவலைக் கதையைச் சொல்கிறான், அதில் சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர், வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “சம்மாட்டி என்னைப் பாத்து, மீன் ஒண்டும் இல்ல தம்பி, நீ மட்டுந்தான் மாட்டியிருக்கிறாய் எண்டு சொன்னார்.” சிரிப்பு ‘மாட்டியிருக்கிறாய்’ என்ற இடத்தில் எழும்பப் பார்க்கிறது, ‘எண்டு சொன்னார்’ வந்து அதன் தலையில் கையை வைத்து அமர்த்திவிடுகிறது. அதே கதையை இப்படிச் செய்து பாருங்கள். வலையைப் பார்ப்பதுபோல் குனிந்து, சம்மாட்டியாக நிமிர்ந்து, அவர் குரலில் அந்த வரியைச் சொல்லி, வாயை மூடிக்கொள்ளுங்கள். சனம் சிரித்து முடியும்வரை ஒரு சொல்லும் வேண்டாம். மூச்சு முட்டும், வாய் துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளவேண்டும். மேடையில் புதியவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பொறுமையின்மைதான்.

சிரிப்பே வராத இரவுகளும் வரும். அதைச் சொல்லிப் பயமுறுத்துவதற்கில்லை, எல்லாருக்கும் வருவது. அப்போது “என்ன, ஒருத்தருக்கும் விளங்கேல்லையா?” என்று சனத்தின்மேல் பாயக்கூடாது. முன்வரிசையில் இருக்கும் யாருடைய தொப்பையையோ தலைமுடியையோ பிடித்துத் தப்பிக்கவும் கூடாது. போனில் பதிவு செய்து வைத்து, மறுநாள் தனியாக இருந்து கேட்கவேண்டும். தன் குரலைத் தானே கேட்பது ஒரு தண்டனை. ஆனால் எந்த இடத்தில் அவசரப்பட்டோம், எந்தச் சொல்லை விழுங்கினோம் என்று அதைப்போல் வேறு யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அடுத்த தடவை அதே ஐந்து நிமிடத்தைத் திருத்திக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறையும் புதிது எழுதுவது உழைப்பு மாதிரித் தெரியும். பல நேரம் அது பழையதைத் திருத்துவதிலிருந்து தப்பி ஓடுவது. இன்னொருவரின் பகிடியை எடுத்துத் தன் ஊர்ப் பெயரைப் போட்டுச் சொல்வது களவு. சென்னையில் சொன்னது சிலாபத்தில் யாருக்கும் தெரியாது என்ற காலம் போய்விட்டது.

இனி, எதைப் பற்றிப் பேசுவது? இந்தக் கரையோரத்தில் இது லேசான கேள்வி இல்லை. மற்றதையெல்லாம் விட இதில்தான் நிதானம் வேண்டும்.

மிகச் சுலபமாகச் சிரிப்பு வாங்கித் தருவது அடுத்தவருடைய பேச்சு. நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. உடப்பின் தமிழ் வேறு, புத்தளம் முஸ்லிம்களின் தமிழ் வேறு. சிலாபத்துக் கரையில் பாட்டி தமிழில் செபம் சொல்ல, பேரன் சிங்களத்தில் பதில் சொல்லும் மீனவ வீடுகள் உண்டு. அவற்றோடு 1990 ஒக்டோபரில் வந்து சேர்ந்த தமிழும் இருக்கிறது. விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில்களில் குடியேறினார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழும் மன்னார்த் தமிழும் முல்லைத்தீவுத் தமிழும் அந்தக் கொட்டில்களில் இருந்தன. அவர்களுக்கு ‘அகதி’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளையும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். வகுப்பறையில் அது பகிடியாகத்தான் சொல்லப்பட்டிருக்கும். சொன்னவன் அன்று மாலையே மறந்திருப்பான்.

அப்படியானால் அடுத்தவர் பேச்சைத் தொடவே கூடாதா? தொடலாம். தொட்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள். இலங்கை வானொலியில் ‘கோமாளிகள்’ நாடகம் போனபோது கடைத்தெருவில் நின்று கேட்ட தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். எஸ். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாக, சிங்களவர் பேசும் தமிழைப் பேசினார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. பி. எச். அப்துல் ஹமீத் ஐயராக வந்து பிராமணத் தமிழ் பேசினார். 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. இந்து மரிக்காராகிறார், முஸ்லிம் ஐயராகிறார், ஊர் சிரிக்கிறது. ராம்தாஸுக்கு ‘மரிக்கார்’ என்பது கடைசிவரை பெயரோடு நின்றது. இது எப்படிச் சாத்தியமானது என்று யோசித்தால், எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: அங்கே கோமாளி ஒருவர் அல்ல, நால்வர். ஒரு சாதிக்காரரோ மதத்தவரோ மட்டும் முட்டாளாகி, மற்றவர் கெட்டிக்காரராக நின்று சிரிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. நடித்தவர்களும் அந்தப் பேச்சைத் தூர நின்று நக்கலடித்தவர்கள் அல்ல, கூட இருந்து பழகியவர்கள். சுருதி பிசகாமல் ஒருவரின் தமிழைப் பேச, அவரோடு எத்தனையோ நாள் தேநீர் குடித்திருக்கவேண்டும்.

ஆகவே புதியவருக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றே ஒன்று. நீங்கள் யாரைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ, அவர் முன்வரிசையில் தன் பிள்ளையோடு இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். பெரிய நகரத்தில் இல்லாதவரைப் பற்றிச் சொல்லித் தப்பலாம். பாலாவியிலும் முந்தலிலும் அது முடியாது. அவர் இல்லாவிட்டால் அவருடைய மச்சான் இருப்பார். சம்மாட்டியைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டால், தாராளமாகச் சொல்லலாம். அரசியல்வாதியை, அதிகாரியை, ஊர்ப் பெரியவரைச் சொல்லலாம். அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல மைக் இருக்கிறது. கிடுகுக் கொட்டிலில் பிறந்தவளிடம் அது இல்லை.

மதத்தைத் தொடுகிறவர் நாட்டின் நிலைமையையும் அறிந்திருக்கவேண்டும். 2023 மே 28ஆம் திகதி நட்டாஷா எதிரிசூரிய என்ற மேடைக் கலைஞர், பௌத்தத்தை நிந்தித்தார் என்ற குற்றச்சாட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்காக 2007இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் அவரை விளக்கமறியலில் வைத்தார்கள். கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது ஜூலை 5ஆம் திகதி. இந்தியாவில் முனவர் பாரூக்கி என்ற ஸ்டாண்ட்-அப் கலைஞரும் 2021 ஜனவரி முதலாம் திகதி இந்தூரில் கைதாகி ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். பகிடிக்காக ஒருவரைச் சிறையில் போடுவது அநியாயம். உரிமையைக் காக்க வந்த சட்டத்தை அதற்குப் பயன்படுத்துவது அதைவிட அநியாயம். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஆனால் பொலிஸுக்குப் பயந்து வாயை மூடுவதும், அயலவரின் மனதை எண்ணி வாயை மூடுவதும் ஒன்றல்ல. முதலாவதை எதிர்த்துப் போராடவேண்டும். இரண்டாவதை யாரும் சட்டம் போட்டுத் தரமுடியாது, அவரவரே பழகிக்கொள்ளவேண்டும்.

எல்லாரையும் விட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது பத்திரம் என்று நினைப்பவர்களும் உண்டு. உம்மாவின் கோபம், அப்பாவின் குடி, அக்காவுக்கு வரன் அமையாதது. உண்மையான அனுபவம் நல்ல பகிடிக்குத் தாய் என்பது சரிதான். ஆனால் அது உங்களுடைய அனுபவம் மட்டுமல்ல, அக்காவுடையதும். மேடையில் சொல்லுமுன் சமையலறையில் அவளிடம் சொல்லிக்காட்டுங்கள். அவள் சிரித்தால் கொண்டுபோங்கள். முகம் மாறினால் அந்தப் பகிடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடப் பேச்சில் முப்பது வினாடியை வெட்டி யாராவது வட்ஸ்அப்பில் போட்டால் சிலாபத்திலிருந்து கல்பிட்டிவரை அன்றிரவே போய்ச் சேரும், முன்னும் பின்னும் நீங்கள் சொன்ன சமாதானம் அதனுடன் போகாது. புதியவர்கள் பேசும் மேடையில் ஒளிப்பதிவு வேண்டாம் என்று நடத்துகிறவரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

இன்னும் ஒன்று, இது நடத்துகிறவர்களுக்கு. மேலே சொன்ன நான்கு கோமாளிகளும் ஆண்கள், பாலச்சந்திரனும் ஆண். இந்தக் கரையில் நன்றாகப் பகிடி சொல்லத் தெரிந்தவர்கள் கருவாடு காயப்போடும் வாடியிலும் கலியாண வீட்டுச் சமையல்கட்டிலும்தான் அதிகம், அவர்கள் பெண்கள். அவர்களில் ஒருத்தி பெயர் கொடுக்கத் துணிந்தால், அவளுக்கு முன்னால் மூன்று ஆண்கள் வரிசையாகப் பெண்டாட்டிப் பகிடி சொல்லும்படி நிகழ்ச்சியை அமைக்காதீர்கள். அவளை வீட்டிலிருந்து யார் கூட்டிவருகிறார், யார் திரும்பக் கூட்டிப்போகிறார் என்று முதலே கேளுங்கள். கூட வருகிற தம்பிக்கோ உம்மாவுக்கோ ஒரு கதிரை ஒதுக்குங்கள். பட்டியலில் அவள் பெயரை முதல் மூன்றுக்குள் எழுதுங்கள். ஊருக்குப் போகும் கடைசி பஸ் யாருடைய கைதட்டலுக்காகவும் நிற்பதில்லை.