தெருவின் எல்லையும் அறத்தின் எல்லையும்

மாலை நேரம். கையில் மதுக்கோப்பையுடன் ஒருவர் நகரத் தெருவொன்றில் உலவிக் கொண்டிருக்கிறார். அருகில் நிற்கும் காவலர் அவரைக் கண்டும் ஒன்றும் சொல்வதில்லை. பத்தடி தள்ளி ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. அதே கோப்பையுடன் அதைக் கடந்து அடுத்த தெருவில் கால் வைத்தால், அதே காவலர் அவர்மீது வழக்குப் பதியலாம். மனிதர் மாறவில்லை, கோப்பை மாறவில்லை, குடிக்கும் செயலும் மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இதுவே நடைமுறை. அந்நாட்டின் பெரும்பாலான இடங்களில் பொதுத் தெருவில் திறந்த மதுக்கலத்துடன் நடப்பது சட்டத்திற்குப் புறம்பானது. நியூ ஆர்லியன்ஸ், லாஸ் வேகாஸ் போன்ற சில நகரங்களின் கேளிக்கைத் தெருக்கள் மட்டும் நெடுங்காலமாக இதற்கு விதிவிலக்காக இருந்து வந்தன. பின்னர் விதிவிலக்குகள் பெருகின. 2015-இல் ஒஹாயோ மாநிலமும், 2020-இல் மிச்சிகனும், 2021-இல் வட கரோலினாவும், நகரங்கள் தமக்குள் ஒரு பகுதியை வரையறுத்து அங்கே திறந்த வெளியில் மது அருந்த அனுமதிக்கலாம் எனச் சட்டம் இயற்றின.

இவற்றின் விதிகள் மிக நுட்பமானவை. வட கரோலினாவில் கோப்பை கண்ணாடியால் ஆனதாக இருக்கக் கூடாது. 16 அவுன்சுக்கு மேல் கொள்ளக் கூடாது. 21 வயது நிரம்பியவரே அருந்த வேண்டும் என்ற எச்சரிக்கை அதன்மீது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உரிமம் பெற்ற கடையில் வாங்கிய மதுவை மட்டுமே குறித்த நேரத்தில் அருந்தலாம். எல்லையை விட்டு வெளியேறுமுன் கோப்பையில் எஞ்சியதை அப்புறப்படுத்திவிட வேண்டும்.

இச்சட்டங்களை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத் தக்கவை அல்ல. மக்கள் வருகை குறைந்த நகர மையங்களுக்கு உயிரூட்ட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் நலிந்த உணவகங்கள் பிழைக்க வேண்டும். வயது வந்தோரைக் குழந்தைகளைப் போல நடத்தலாகாது என்பன அவை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலும் இங்கு நினைவுகூரத் தக்கது. குடிப்பது மட்டுமே சட்டத்தின் தலையீட்டிற்குரிய செயல் ஆகாது என்றார் அவர். ஆனால், செய்பவனை மட்டுமே பாதிக்கும் செயலும் பொது இடத்தில் செய்யப்படும்போது பிறரது கண்ணியத்தைப் புண்படுத்துமாயின், அதைத் தடுக்கலாம் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே சிக்கல் ‘பொது இடம்’ என்னும் சொல்லில் இருக்கிறது. தெரு யாருக்குரியது?

இக்கேள்விக்கு நடைமுறை தந்த விடை கசப்பானது. 2012-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த நீதிபதி ஒருவர், பொது இடத்தில் மது அருந்தியதற்காக ஒரு மாதத்தில் வழங்கப்பட்ட அழைப்பாணைகளைத் தம் அலுவலர்களைக் கொண்டு ஆராயச் செய்தார். அவற்றுள் நூற்றுக்கு 85 கறுப்பின மக்களுக்கும் லத்தீன் அமெரிக்க வழியினருக்கும் வழங்கப்பட்டிருந்தன. வெள்ளையருக்கு வழங்கப்பட்டவை நூற்றுக்கு 4 மட்டுமே. அங்கு வாழ்வோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் வெள்ளையராக இருந்தும் நிலை இதுவே. தன் வீட்டு வாசற்படியில் அமர்ந்து ஒரு புட்டியைத் திறக்கும் ஏழைத் தொழிலாளி குற்றவாளி. கேளிக்கைத் தெருவில் அதிக விலை கொடுத்துக் கோப்பை வாங்கும் பயணி விருந்தினர். விதி இடத்தைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, உண்மையில் பணப்பையைப் பார்க்கும்போது அது அறத்தின் சாயலையும் இழந்து விடுகிறது.

அப்படியானால் எல்லா இடங்களிலும் அனுமதித்துவிடுவதுதான் நீதியா? அதுவும் முழு விடை ஆகாது. அதே தெருவில் துப்புரவுப் பணியாளர் நள்ளிரவில் குப்பையை அள்ளுகிறார். தந்தையின் கையைப் பற்றியபடி ஒரு குழந்தை நடக்கிறது. குடியை விட்டொழிக்க உறுதி பூண்டு, நாள்களை எண்ணிக்கொண்டு வாழும் ஒருவர் வேலை முடிந்து அவ்வழியே வீடு திரும்புகிறார். பிறருக்கு மகிழ்ச்சியூட்டும் அந்தச் சில நூறு அடிகள் அவருக்குப் போர்க்களம். தெரு இவர்களுக்கும் உரியது.

இங்கே வள்ளுவரின் பார்வை துணை செய்கிறது. ‘கள்ளுண்ணாமை’யை அவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை; சமூக வாழ்வைப் பேசும் பொருட்பாலில் வைத்தார். அவ்வதிகாரத்தை ஒரு கேள்வியோடு முடிக்கிறார்: தான் குடிக்காத வேளையில், குடித்து மயங்கிய இன்னொருவனைக் காணும்போது, தன் நிலையும் இதுவே என்று ஒருவன் எண்ணிப் பார்க்க மாட்டானா? மயங்கிய மனம் தன்னைத் தானே காண இயலாது. தெளிந்த வேளையில் பிறரிடத்தில்தான் அது தன்னைக் கண்டுகொள்ள வேண்டும் என்பது இதன் உட்பொருள். அனைவர் கையிலும் கோப்பை இருக்கும் தெருவில் இந்தத் தெளிந்த பார்வைக்கு இடமில்லை. எல்லோரும் செய்வதாலேயே ஒரு செயல் இயல்பானது என்று தோன்றத் தொடங்குகிறது. அனுமதி மெல்ல மெல்ல அங்கீகாரமாக உருமாறுகிறது. இத்தகைய தெருவின் உண்மையான ஆபத்து இதுவே.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் நன்மை என்று கருதுவது ஒரு மயக்கம். சட்டம் தடுத்துவிட்டால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று நம்புவது மற்றொரு மயக்கம். சட்டம் ‘எங்கே?’ என்று மட்டுமே கேட்கும். ‘இதனால் நீ என்ன ஆகிறாய்? உன் இன்பத்திற்கான விலையை யார் கொடுக்கிறார்?’ என்று கேட்பது அறம். தடை நீங்கிய இடத்தில் இக்கேள்வி மறைந்துவிடுவதில்லை. முன்பு காவலர் சுமந்த பொறுப்பும் சேர்ந்து தனிமனிதனின் தோளில் ஏறுகிறது.

நாம் தொடக்கத்தில் கண்ட மனிதர் இப்போது எல்லைப் பலகையை நெருங்குகிறார். ஒரு கணம் நிற்கிறார். கோப்பையில் பாதி எஞ்சியிருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு வெறுங்கையுடன் நடக்கிறார். போதும் என்று நிறுத்தும் வலிமை அவரிடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அந்த வலிமையைப் பலகை அவருக்குத் தரவில்லை. அது ஏற்கெனவே அவருள் இருந்தது. பலகை இல்லாத இடத்திலும் அதே வலிமையுடன் நிற்கத் தெரிந்தவருக்கு எந்தத் தெருவும் ஆபத்தானது அன்று.