இடையில் ஒரு மடாலயம்

அலுவலக நண்பர் ஒருவர் லடாக் மாரத்தானுக்குப் பதிவு செய்துவிட்டு, தன் பயணத் திட்டத்தை எக்செல் ஷீட்டாக அனுப்பியிருந்தார். எங்கள் தொழிலில் கல்யாணத்துக்கே எக்செல் போடுகிறவர்கள் உண்டு, அதனால் ஆச்சரியமில்லை. பத்து நாள், பத்து வரி. முதல் இரண்டு நாள் ஓய்வு. அப்புறம் ஒரு நாள் திக்சே மடாலயம், ஷே அரண்மனை. ஒரு நாள் ஹெமிஸ். ஒரு நாள் ஆல்ச்சி. கடைசியில் பந்தயம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'நோக்கம்' என்று ஒரு கட்டம். மூன்று மடாலயங்களுக்கும் எதிரே ஒரே சொல்தான்: அக்ளிமடைசேஷன். அதாவது, உயரத்துக்கு உடம்பைப் பழக்குவது. "ஒரே லீவுல ரெண்டு வேலை முடியுது பாருங்க" என்று கீழே எழுதியிருந்தார்.

படித்ததும் ஏதோ உறுத்தியது. ஆனால் என்ன உறுத்துகிறது என்று சொல்ல முடியவில்லை. ஒரு பயணத்தில் இரண்டு காரியம் பார்ப்பது தப்பா? நம் வழக்கத்தைப் பார்த்தால் தப்பே இல்லை. திருவண்ணாமலை தீபத்துக்கு வந்த கூட்டத்தோடு மாட்டுச் சந்தையும் சேர்ந்தே கூடியது. திருவிழாவுக்குப் போன இடத்தில் பெண் பார்த்துவிட்டு வந்த கதை எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். பழனிக்கு நடந்தது முருகனுக்காகவா, போகிற வழியில் இருந்த தங்கச்சி வீட்டுக்காகவா என்று தாத்தாவிடம் கேட்டால் சிரித்திருப்பார். நோக்கம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்கிற சுத்தமெல்லாம் நம்மிடம் என்றைக்கும் இருந்ததில்லை. அப்படியானால் சிக்கல் இரண்டைச் சேர்ப்பதில் இருக்க முடியாது. சேர்க்கிற விதத்தில்தான் இருக்க வேண்டும்.

லடாக் மாரத்தான் 2012-ல் தொடங்கியது. செப்டம்பரில் லே நகரில் நடக்கிறது. லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மாதவரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்ஸிஜனில் மூன்றில் ஒரு பங்கு அங்கே கிடைக்காது. இது 42 கி.மீ. ஓடுகிறவர்களுக்கு. 'கர்துங் லா சேலஞ்ச்' என்று 72 கி.மீ. ஓட்டமும் உண்டு, கர்துங் கிராமத்தில் புறப்பட்டு, 5,300 மீட்டருக்கு மேலே இருக்கும் கணவாயைத் தாண்டி லேவுக்கு இறங்க வேண்டும். அந்தக் கணவாயில் காற்று ஏறக்குறைய பாதி. அதனால்தான் ஓடுகிறவர்கள் பல நாள் முன்னாடியே வந்து தங்கிவிட வேண்டும் என்கிறார்கள். உடம்பு அந்த நாட்களில் சும்மா இருப்பதில்லை. மூச்சு வேகமாகிறது, அதனால் ரத்தத்தில் ஏற்படும் மாறுதலைச் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறது, சிவப்பணுக்கள் கூட வாரக்கணக்கில் ஆகும். இதை வேகப்படுத்த எந்த எஞ்சினியராலும் முடியாது.

இப்படிக் கிடைக்கிற காத்திருப்பு நாட்களில்தான் மடாலயங்கள் வந்து உட்காருகின்றன. நண்பர் பக்கம் ஒரு நல்ல நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். நான்கு நாளில் பாங்காங் ஏரி, நுப்ரா, லே எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் திரும்பும் சுற்றுலாப் பயணியைவிட ஓட்டக்காரர் ஊரில் அதிக நாள் இருக்கிறார், மெதுவாக நடக்கிறார், குடிப்பதில்லை, சீக்கிரம் தூங்குகிறார். மலை அவரை வற்புறுத்தி நல்ல விருந்தாளி ஆக்கிவிடுகிறது. பிறகு ஏன் அந்த ஒற்றைச் சொல் உறுத்த வேண்டும்?

இமானுவேல் காண்ட் 1785-ல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கட்டளை வருகிறது. மனிதரை எப்போதும் இலக்காகவும் கருது, ஒருபோதும் வெறும் வழியாக மட்டும் நடத்தாதே என்பது அதன் சாரம். அதில் உள்ள 'மட்டும்' என்ற சொல்லைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். டீக்கடை மாஸ்டரை நாம் டீக்காகத்தான் பயன்படுத்துகிறோம், அதில் குற்றமில்லை. "இன்னைக்குப் பால் திரிஞ்சிடுச்சு சார்" என்று அவர் சொன்னால் சரி என்று திரும்பி நடக்கிறோமா, சத்தம் போடுகிறோமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவருக்கு 'முடியாது' என்று சொல்ல இடம் இருக்கிறது. அந்த மறுப்புக்கு நாம் காது கொடுக்கிறோம். அந்த இடம் இல்லாமல் போகும்போது அவர் வெறும் வழியாகிவிடுகிறார். காண்ட் பேசியது மனிதர்களைப் பற்றி. ஆனால் ஓர் ஊரிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இந்த ஊருக்கு என் திட்டத்தை மாற்றுகிற உரிமை இருக்கிறதா?

மலைக்கு இருக்கிறது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று அது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கும். கேட்காதவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். எக்செல் ஷீட்டில் முதல் இரண்டு நாள் 'ஓய்வு' என்று இருப்பதே மலை எழுதிய வரி. மடாலயத்துக்கு அந்த வசதி இல்லை. திக்சேயில் விடியற்காலையில் துறவிகள் கூடிப் பிரார்த்தனை செய்கிறார்கள், வெளியாளும் ஓரமாக உட்காரலாம். நாம் போட்டோ எடுத்துக்கொண்டு பாதியில் எழுந்து போனால் யாருக்கும் மூச்சு முட்டாது. 15 மீட்டர் உயர மைத்ரேயர் நம்மை ஒன்றும் சொல்லப்போவதில்லை.

தண்ணீருக்கும் அந்த வசதி இல்லை. லேவில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். சென்னைக்குச் சராசரியாக 1,400. அந்த ஊர் பனி உருகும் நீரில்தான் வாழ்ந்திருக்கிறது. லடாக்கியர்களின் பழைய கழிவறைக்குத் தண்ணீரே தேவையில்லை. மண் போட்டு மூடி, மக்கியபின் வயலுக்கு எருவாகக் கொண்டுபோவார்கள். வசந்த காலத்தில் விதைப்புக்கு நீர் போதவில்லை என்று செவாங் நோர்பெல் என்கிற எஞ்சினியர் குளிர்காலத்திலேயே நீரைத் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனிப்படலங்கள் அமைத்தார். பிறகு சோனம் வாங்சுக் அதையே கூம்பு வடிவில் 'பனி ஸ்தூபி'யாக நிறுத்தினார். இன்னொரு பக்கம் விருந்தினர் விடுதிகள் போர்வெல் போட்டு, ஃப்ளஷ் வைத்து, ஷவர் வைத்துக்கொண்டே போகின்றன. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் நாம். லேவில் ஓடி முடித்துவிட்டு அரை மணி நேரம் ஷவருக்கடியில் நிற்கும்போது அந்த வரிசை ஞாபகம் வருமா?

இதை நான் மாதவரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதால் கேள்வி இன்னும் கொஞ்சம் கூர்மையாகிறது. எங்கள் ஊரைப் பார்க்க யாரும் வருவதில்லை. எங்கள் ஊர் வழியாகப் போகிறார்கள். ஆந்திராவுக்குப் போகிறவர்கள் பஸ் ஏற வருகிறார்கள். துறைமுகத்துக்கான கண்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் ஓடுகின்றன, இல்லாவிட்டால் வரிசையாக நிற்கின்றன. காலை ஐந்து மணிக்கு நான் பால் பண்ணைப் பக்கம் மரம் இருக்கிற ரோட்டில் ஓடப்போகும்போது, லாரிக்கடியில் துண்டை விரித்து டிரைவர்கள் தூங்குவதைப் பார்ப்பேன். தமிழில் 'வழி' என்ற சொல்லுக்குப் பாதை என்றும் பொருள், உபாயம் என்றும் பொருள். வடசென்னை இரண்டுமாகவே இருக்கிறது. மின்சாரம் நகரத்துக்குப் போகும், சாம்பல் எண்ணூரில் தங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் வாளியாலும் கையாலும் அதை அள்ளியதை எல்லாரும் போனில் பார்த்தோம். வெறும் வழியாக நடத்தப்படுவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள எங்களுக்குக் காண்ட் தேவைப்படவில்லை. அப்படி ஓர் ஊரிலிருந்து கிளம்பிப் போகிறவர் இன்னொரு ஊரின் பெயருக்கு எதிரே 'அக்ளிமடைசேஷன்' என்று எழுதுகிறார். உறுத்தியது இதுதான்.

"நாங்க போறதால அவங்களுக்கு வருமானம்தானே" என்று நண்பர் கேட்டார். உண்மைதான். லடாக்கில் சுற்றுலாப் பருவம் குறுகியது. அறை வாடகையும் டாக்ஸிக் கூலியும் பல வீடுகளில் குளிர்காலச் சாப்பாடு. போகாதே என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் இதே வாக்கியத்தை வடசென்னையில் நாங்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வேலை வருது, வருமானம் வருது. வரத்தான் செய்தது. காசு கொடுத்தால் அறைக்கான கணக்கு தீரும். ஊர் 'முடியாது' என்று சொன்னால் கேட்போமா என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

ஓட்டத்துக்கும் தரிசனத்துக்கும் இயல்பிலேயே ஆகாது என்று சொல்லிவிடவும் முடியாது. ஜப்பானில் கியோத்தோவுக்குப் பக்கத்தில் ஹியெய் மலையில் தெண்டாய் பௌத்தத் துறவிகள் சிலர் ஏழு ஆண்டுகளில் ஆயிரம் நாள் மலையைச் சுற்றும் நோன்பு எடுக்கிறார்கள். முதல் சில ஆண்டுகள், ஆண்டுக்கு நூறு நாள், நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். வெளிநாட்டு எழுத்தாளர்கள் இவர்களை 'மாரத்தான் துறவிகள்' என்கிறார்கள். ஆனால் வழியில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் நின்று வணங்கிவிட்டுத்தான் போகிறார்கள்: கோயில், கல், மரம், நீர். நின்ற இடங்களையெல்லாம் எடுத்துவிட்டால் அந்த ஓட்டத்துக்கு அர்த்தமே இருக்காது. நம் கிரிவலம் 14 கி.மீ.; மூன்று சுற்று வந்தால் மாரத்தான் கணக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஓடுகிறவன் என்பதால் இந்தக் கணக்கை நான் போட்டிருக்கிறேன், அங்கே நடக்கிற யாரும் போட்டிருக்க மாட்டார்கள். எட்டு லிங்கங்களிலும் நின்று நின்று போகிற நடைக்கு வாட்ச் உதவாது.

மாரத்தானும் ஒரு காலத்தில் ஊரின் பெயர்தான், கிரேக்கத்தில். 42.195 கி.மீ. என்ற விநோதமான எண்கூட 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையிலிருந்து மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடம் வரை போட்ட பாதையிலிருந்து வந்தது. 1921-ல்தான் அது நிரந்தரமானது. பாதை மறந்துபோனது, எண் மட்டும் எல்லா ஊருக்கும் பொதுவாகிவிட்டது. எந்த ஊரில் ஓடினாலும் அதே தூரம் என்பது விளையாட்டுக்கு நியாயம். அந்த நியாயத்தைப் பந்தய நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களையும் அதே அளவுகோலால் அளக்க ஆரம்பித்தால் திக்சேயும் ஹெமிஸும் ஒன்றுதான்.

லடாக்கின் பாதைகளில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீளமான மணிச் சுவர்கள் உண்டு. அவற்றை வலப்பக்கம் வைத்துத்தான் கடக்க வேண்டும், நம் பிரதட்சிணம் மாதிரியே. அப்படிக் கடக்க ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாக ஆகாது, பௌத்த நம்பிக்கையும் வேண்டாம். ஆனால் நாம் கால் வைக்கும் பக்கத்தை அந்த ஊர் தீர்மானிக்கிறது. இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கிறவருக்கு இதைவிடச் சின்னதாக ஒரு தொடக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் குளிப்பது அடுத்தது. பிரார்த்தனை முடியும்வரை எழாமல் இருப்பது அதற்கும் அடுத்தது.

நண்பரின் பட்டியலில் ஆல்ச்சி இருந்தது எனக்குச் சந்தோஷம். லேவிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி, சிந்து நதிக்கரையில், மலையுச்சியில் இல்லாமல் தரையோடு தரையாக இருக்கிறது அந்த மடாலயம். அங்கே மூன்றடுக்குக் கோயில் ஒன்றில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் மூன்று போதிசத்துவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் கட்டியிருக்கும் வேட்டிகளில், எண்ணூறு ஆண்டுக்கு முந்திய, காஷ்மீரப் பாணியிலான ஓவியங்கள்: ஒருவர் வேட்டியில் அரண்மனைகளும் கோயில்களும், ஒருவர் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை, மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் எண்பத்து நான்கு சித்தர்கள். உள்ளே இருட்டு. வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கும், அதனால் ஃப்ளஷ் கூடாது. வெயிலிலிருந்து நுழைகிறவருக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். வந்த வேகத்தில் திரும்பினால் இருட்டைத்தான் பார்த்துவிட்டு வருவோம். நின்றால், சித்தர்கள் ஒவ்வொருவராக வருவார்கள்.