கண்விழிப்பும் கடமையும்

நித்திரையை வென்றவனே பெரியவன் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எடுத்த காரியத்திலேயே குறியாயிருப்பவன் உடல்நோவையும் பசியையும் உறக்கத்தையும் பொருட்படுத்தமாட்டான் என்ற பொருளில் குமரகுருபரர் நீதிநெறி விளக்கத்தில் பாடியதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். குப்பிவிளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் போய், அதை முடிக்காமலே நாடுவிட்டு வந்து, இப்போது லண்டன் றெஸ்ரோறன்றுகளில் பின்னிரவு ஒரு மணிக்கு அடுப்புத் துடைக்கும் எங்களுக்கு அந்தப் பாட்டு இன்னும் மறக்கவில்லை. ஆகவே இளம் டொக்டர்மாரின் இரவுவேலைக் களைப்பைப் பற்றி யாரும் பேசினால் 'நாங்கள் படாத பாடோ?' என்று சிரித்துவிட்டுப் போகிறோம். டொக்டராக்குவதற்கென்றே பிள்ளை பெறும் சனம் நாங்கள் என்பது அந்த நேரம் நினைவுக்கு வருவதில்லை.

சிரிப்பதற்கு முன் ஒரு வித்தியாசத்தைப் பார்க்கவேண்டும். பின்னிரவில் எங்கள் கண் சொருகினால் வெங்காயம் கருகும். மிஞ்சிப்போனால் எங்கள் விரல் வெட்டுப்படும். அந்த நட்டம் எங்களோடும் முதலாளியோடும் முடிந்துவிடும். வார்ட்டில் நிற்கும் பிள்ளைக்குக் கண் சொருகினால் தசமப் புள்ளி ஒன்று இடம் மாறும். பத்து மடங்கு மருந்து ஏறுவது கட்டிலில் கிடக்கும் இன்னொருவரின் உடம்பில். தன் உடலை வருத்தித் தாங்குவது பெருமையாக இருக்கலாம். செலவு இன்னொருவர் கணக்கில் எழுதப்படும்போதும் அதைப் பெருமை என்று சொல்லலாமா?

1984 மார்ச்சில் நியூயோர்க்கில் லிபி ஸியோன் என்ற 18 வயது மாணவி காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். அன்றிரவு அவளைப் பார்த்தவர்கள் பயிற்சியிலிருந்த இரண்டு டொக்டர்மார். பெரியவரின் ஆலோசனை தொலைபேசியில் மட்டும் வந்தது. அவள் எடுத்துவந்த மனச்சோர்வு மாத்திரையோடு சேரக்கூடாத பெதிடின் ஊசி போடப்பட்டது. முதலாண்டுப் பயிற்சியாளருக்கோ பார்க்கவேண்டிய வேறு நோயாளர்கள் பலர். அமைதியிழந்து துடித்தவளைக் கட்டிலோடு கட்டினார்கள். காலையில் காய்ச்சல் எல்லைமீறி ஏற, இதயம் நின்று இறந்தாள். எது காரணம், யார் பொறுப்பு என்று வழக்கு 1995 வரை இழுபட்டது. ஆனால் 1986இல் விசாரித்த கிராண்ட் ஜூரி டொக்டர்மார்மேல் குற்றம் சாட்டாமல், அவர்களை அப்படி வேலைவாங்கிய முறையைக் கண்டித்தது. அதன் விளைவாக 1989இல் நியூயோர்க் மாநிலம் கிழமைக்கு 80 மணித்தியாலம், தொடர்ச்சியாக 24 மணித்தியாலம் என்று எல்லை போட்டது. எல்லையே இவ்வளவு என்றால் அதற்கு முன் எவ்வளவு என்று யோசியுங்கள்.

அந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1889இல் பால்ற்றிமோரில் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹோல்ஸ்ரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வகுத்த பயிற்சி அது. பயிலுநர் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கவேண்டும். அதனால்தான் 'ரெசிடென்ற்' என்ற பெயர். ஹோல்ஸ்ரெட் கொக்கெயினைத் தன்மேலேயே பரிசோதித்து அதற்கு அடிமையாகி, பின்பு மோர்பினுக்கும் அடிமையானவர். மற்றவர்களின் தாங்குசக்திக்கு அளவுகோல் வைத்தவர் இப்படியானவர் என்பதை ஒரு பக்கத்தில் குறித்து வைப்போம். இங்கிலாந்தில் 'ஜூனியர்' டொக்டர் என்பது 2024 செப்ரெம்பரில் 'ரெசிடென்ற்' டொக்டர் என்று மாற்றப்பட்டது, மரியாதைக்காகத்தான்.

'களைப்பென்றால் வாய்திறந்து சொல்லவேண்டியதுதானே' என்பார்கள். நேர்மையான கேள்விபோலத் தெரிகிறது. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு கிழமை நாளுக்கு ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்கள், ஒன்றிரண்டு இரவு அடியோடு உறங்காதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தார்கள். அவர்களைக் கேட்டால் கொஞ்சம்தான் நித்திரை வருகிறது என்றார்கள். 1997இல் அவுஸ்திரேலியாவில் அளந்து பார்த்ததில் 24 மணித்தியாலம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் இரத்தத்தில் 0.10 வீதம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. இங்கிலாந்தில் 0.08க்கு மேல் போனால் கார் ஓட்டக்கூடாது. குடித்தவனிடமே 'நீ ஓட்டுவாயா?' என்று கேட்டு யாரும் திறப்பைக் கொடுப்பதில்லை. களைப்பு முதலில் கெடுப்பது களைப்பை அறியும் புத்தியைத்தான். ஆகவே நிறுத்தச் சொல்லும் கடமை, பகலில் தெளிவாக இருந்து வேலை அட்டவணை போடுபவர் தலையில்தான் விழவேண்டும்.

நேரத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. 2004இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்த்தபோது, பழைய நீண்ட வேலைமுறையில் பாரதூரமான பிழைகள் 36 வீதம் அதிகமாயிருந்தன. ஆனால் 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் நேரக்கட்டுப்பாட்டைத் தளர்த்திய இடங்களில் நோயாளர் மரணம் அதிகரிக்கவில்லை. ஆள் மாறும்போதெல்லாம் நோயாளியின் கதையைக் கையளிக்கவேண்டும். அங்கே ஏதாவது விடுபடும். எங்கள் கிச்சினிலேயே மாலைக்காரர் இரவுக்காரருக்குச் சொல்லாமல் போன ஓடர்கள் எத்தனை! கையளிப்பதையும் ஒரு வேலையாகப் பழக்கவேண்டும், அதற்கென்று நேரம் ஒதுக்கவேண்டும். அதற்காக ஆளை விழிக்கவைத்தே வைத்திருப்பது நியாயமாகாது.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய புத்திமதிகள் உண்டுதான். முதல் இரவுக்கு முன் பின்னேரம் ஒரு நித்திரை கொள்வது. கோப்பி வேலைசெய்ய அரை மணித்தியாலம் எடுக்கும் என்பதால் அதற்கேற்பக் குடிப்பது, விடியற்புறம் குடிக்காமல் விடுவது. உடம்பு அடங்கிக்கிடக்கும் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் மருந்தளவை இன்னொரு கண்ணுக்கும் காட்டுவது. இடையில் 20 நிமிடம் படுப்பது. அதற்கு மேல் போனால் எழும்பும்போது தலை மந்தமாக இருக்கும். இவை நல்லவை. ஆனால் நாலு மணிக்கு 20 நிமிடம் படுப்பதென்றால் எங்கே படுப்பது? பிரித்தானிய மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட சாசனத்தில் ஓய்வறையும், களைத்தவர்கள் காரோட்டி வீடு போகமுன் உறங்குவதற்கு இடமும் கேட்டார்கள். கட்டில் கிடைத்தாலும் இடுப்பில் 'பிளீப்' இருக்கிறது. அது எந்த நிமிடமும் அலறலாம் என்று காத்துக்கொண்டு கண்ணை மூடுவது நித்திரை அல்ல. அந்த 20 நிமிடத்துக்கு அதை வாங்கித் தன் இடுப்பில் கொழுவிக்கொண்டு 'நீ போய்ப் படு, நான் பார்க்கிறேன்' என்று சொல்ல வார்ட்டில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் சம்பளம் கொடுக்கவேண்டும்.