கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

தாம்பரத்தில் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் கேட்டார்: "ஹஜ்ரத், பிள்ளைகள் வண்ண மீன் கேட்கிறார்கள். வளர்ப்பது கூடுமா? முன்பு வாங்கியவை பத்தே நாளில் செத்துவிட்டன. வீட்டுக்கு வந்த பலாய் முஸீபத்து மீனோடு போயிற்று என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்."

வளர்ப்பது கூடும். சிறுவர் அபூ உமைர் சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அதைப் பற்றி அன்புடன் விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸிலிருந்தே பறவை வளர்ப்பதற்கு ஃபிக்ஹு மேதைகள் ஆதாரம் எடுத்தனர்.

ஆனால், 'பலாய் மீனோடு போயிற்று' என்பது என்ன பேச்சு? நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளவை. இந்த நம்பிக்கை ஈமானுக்கு ஊறு செய்வதோடு நம் குற்றத்தையும் மூடி மறைக்கிறது. மீன் ஏன் செத்தது? குழாய் நீரிலுள்ள குளோரின் அதன் செவுளைப் புண்ணாக்கியிருக்கும். அல்லது, அதன் கழிவிலிருந்தே அம்மோனியா என்னும் விஷம் சேர்ந்திருக்கும். அந்த விஷத்தை மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டி நிறைய மீனை விட்டு, அளவின்றித் தீனியும் கொட்டினால் எப்படிப் பிழைக்கும்? சென்னைக் கொளத்தூரில் பலர் வண்ண மீன் வளர்ப்பையே தொழிலாகச் செய்கிறார்கள். அவர்கள் கையில் மீன் பெருகுகிறது. நம் வீட்டில் சாகிறது. குறை மீனிலா, நம்மிலா?

பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன: உணவு கொடுக்கலாம், இல்லையேல் அவிழ்த்து விடலாம். மீன் வளர்ப்பவருக்கோ இரண்டாம் வழி அடைபட்டது. சலித்துப்போய் ஏரியில் விட்டால் பல மீன்கள் பிழைக்கமாட்டா. பிழைப்பவை ஊர் மீன்களுக்குக் கேடாகும். தொட்டியின் பாசியைத் தின்ன வாங்கப்படும் தென்னமெரிக்க 'சக்கர்' மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளையும் பாழாக்குகிறது.

ஆகவே, வாங்குமுன்பே யோசியுங்கள். நீரைப் பிடித்து வைத்துக் குளோரின் போக்கவும், வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றவும், மின்சாரம் நின்றால் கவனிக்கவும் வீட்டில் யார்? பதில் இருந்தால் வாங்குங்கள். இல்லையேல் பிள்ளையிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வாங்கியபின் இயலாமற் போனால், பேணத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பசித்த பூனை கத்தும், மீன் கத்தாது. அதன் முறையீட்டைக் கேட்பவன் அல்லாஹ் ஒருவனே. அமானிதத்தைப் பேணும் தௌஃபீக்கை அவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.