அடிப்பது எப்போது பாவம்?

மனிதன் மனிதனை அடிப்பது எப்போது தகும் என்ற கேள்வி வடசென்னைக் குத்துச்சண்டைக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இந்தச் சண்டையைத் துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் எனப்படும் குத்துச்சண்டை அணிகள் உருவாயின. கித்தேரி முத்து போன்றவர்கள் ஊரே கொண்டாடும் வீரர்களானார்கள். அதே வடசென்னையின் ராயபுரத்தில், இயேசுவின் சீடரான ராயப்பரின் (பேதுருவின்) கோயிலும் இருக்கிறது. இயேசுவைப் பிடிக்க வந்தவர்களில் ஒருவனின் காதை வாளால் வெட்டியவர் ராயப்பர். வாளை உறையில் போடும்படி அவருக்குக் கட்டளை வந்தது.

சமண அறம் இதை நுணுக்கமாகப் பிரிக்கிறது. வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சை இல்லறத்தாருக்கும் ஆகாது. தாக்க வருபவனைத் தடுக்கச் செய்யும் விரோதி இம்சை அவர்களுக்கு முற்றிலும் விலக்கப்படவில்லை. பரம்பரைச் சண்டை இரண்டிலும் அடங்காது. இருவரும் சம்மதித்தே ரிங்கில் ஏறுகிறார்கள். மணி அடித்தால் கை இறங்க வேண்டும், விழுந்தவனைத் தொடக்கூடாது. இந்தச் சம்மதமும் வரம்பும் போனால் மிஞ்சுவது அடிதடி.

அவை இரண்டும் இல்லாமல்போன இடம், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். வார்சாவின் பாண்டம்வெயிட் சாம்பியன் ததேயுஷ் பியெட்ஷிகோவ்ஸ்கி 1940 ஜூன் 14 அன்று, 728 போலந்துக் கைதிகளில் ஒருவராக அங்கே கொண்டுவரப்பட்டார். கைதி எண் 77. 1941 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டினியால் எலும்பும் தோலுமாகியிருந்த அவர், தன்னைவிடப் பல மடங்கு திடமாயிருந்த வால்டர் டூனிங் என்ற ஜெர்மன் கங்காணிக் கைதியோடு மோதினார். கையில் வேலைக்குப் போடும் உறைகள். கிடைத்த பரிசு ரொட்டியும் மார்ஜரினும். அதைச் சக கைதிகளோடு பங்கிட்டுக்கொண்டார். பிறகும் பல சண்டைகள். நாஜிக் காவலர்கள் பார்த்து ரசித்தார்கள்.

கொலைகாரர்களின் பொழுதுபோக்குக்கு ஈடுகொடுத்தது குற்றமா? ஒரு துண்டு ரொட்டியே உயிராயிருந்த இடத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கு இடமில்லை. பாவம் அந்த ரிங்கை அமைத்தவர்களையே சேரும். ரொட்டியைப் பங்கிட்டதுதான் அவராகச் செய்தது.

அதே முகாமில் மாக்சிமிலியன் கோல்பே என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி, சாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குடும்பஸ்தருக்குப் பதிலாகப் பட்டினிக் கொட்டடிக்குப் போனார். 1941 ஆகஸ்ட் 14 அன்று கொல்லப்பட்டார். 1982-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்தச் சாவைப் போற்றுவதற்காக, கை ஓங்கிப் பிழைத்தவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. உயிரைத் தருவது ஒருவர் தாமே ஏற்கும் தியாகம். அதை இன்னொருவரிடம் கடமையாகக் கேட்க எந்த மதத்துக்கும் உரிமை கிடையாது.

1945-ல் விடுதலையான பியெட்ஷிகோவ்ஸ்கி, போலந்து திரும்பி உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தார். 1991-ல் காலமானார்.