தன் குற்றம் காண்டல்

"நாம் அனைவரும் பாவிகளே" என்று சொல்லக் கூசுகிறவரை நாம் எங்கும் கண்டதில்லை. கோவிலிலும் ஜெபக் கூட்டத்திலும் இவ்வார்த்தையை மனிதர் உரக்கவே சொல்லுகின்றனர். சொல்லும்போது கண்ணீர் வடிப்போரும் உண்டு. ஆனால் அவ்விதம் கண்ணீர் வடித்த கிராணியார் ஒருவரிடம் மறுநாட் காலையில் ஒருவன் சென்று, "ஐயா, சென்ற மாதம் அந்த விதவையின் வேலை நாளில் இரண்டைக் குறைத்து எழுதிவிட்டீர்கள்" என்று சொல்லட்டும். உலகத்துப் பாவமனைத்தையும் தம் தலைமேல் ஏற்றுக்கொண்ட அதே மனிதர் இரண்டு நாட் சம்பளக் கணக்கை மட்டும் ஏற்க மறுப்பார். சொன்னவனைத் தோட்டத்தைவிட்டே துரத்தவும் துணிவார்.

பொதுப்படப் பாவி என்று ஒப்புவது செலவில்லாத காரியம். இன்ன நாளில், இன்னாருக்கு, இன்ன தீங்கு செய்தோம் என்று ஒப்புவதே செலவுள்ளது. ஏனெனில் பெயர் சொன்ன மாத்திரத்தில் கடன்காரன் எதிரே வந்து நின்றுவிடுகிறான்.

இவ்விஷயத்தில் கிறிஸ்து மதம் என்ன கூறுகிறதென்று பார்ப்போம். இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று. பிறன் கண்ணிலுள்ள துரும்பைக் காண்பவன் தன் கண்ணிலுள்ள உத்திரத்தை உணராதிருப்பதைப்பற்றி யேசுநாதர் கூறிய உவமையை அறியாதவர் சிலரே. கூறியவர் தச்சர் வீட்டுப் பிள்ளை. மரத்தூளும் உத்திரமும் அவருக்குப் பழகிய பொருள்கள். இந்த உவமையைப் பெரும்பாலும் தப்பாகவே வழங்குகின்றனர் என்பது நம் அபிப்பிராயம். எவனாவது ஓர் அநியாயத்தைச் சுட்டிக் காட்டினால், "முதலில் உன் கண்ணைப் பார்" என்று அவன் வாயை அடைப்பதற்கு இதை ஒரு கருவியாகக் கொள்ளுகின்றனர். உவமை அங்கே முடியவில்லை. உத்திரத்தை எடுத்துப் போட்டபின் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கத்தக்க பார்வை உண்டாகும் என்றே முடிகிறது. ஆகவே துரும்பும் எடுக்கப்பட வேண்டியதுதான். கண்ணைச் சுத்தமாக்குவது பிறர் குற்றத்தைப் பாராதிருப்பதற்கன்று, பிழையறப் பார்ப்பதற்கே.

தாவீது ராஜனுடைய கதை இதைவிடக் கூர்மையானது. பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனான உரியாவைப் போர்க்களத்தில் சாகும்படி நிறுத்திய அரசனிடம் நாத்தான் என்ற தீர்க்கதரிசி வருகிறார். குற்றத்தை நேரே கூறவில்லை. ஒரே ஓர் ஆட்டுக்குட்டியை வளர்த்த ஏழையையும், மந்தைகள் பல இருந்தும் அந்தக் குட்டியைப் பிடித்து விருந்தாக்கிய தனவந்தனையும் பற்றி ஒரு வழக்குப்போலச் சொல்லுகிறார். அரசன் கொதித்தெழுந்து அத்தனவந்தனுக்கு மரண தண்டனை கூறுகிறான். அம்மனிதன் நீரே என்கிறார் நாத்தான். இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், தாவீதின் நியாய புத்தி சிறிதும் கெட்டிருக்கவில்லை. பிறனுடைய வழக்கென்று நினைத்தவரையில் அது வெகு நேர்மையாகவே வேலை செய்தது. கண் நன்றாயிருந்தும் அது தன்மேல் திரும்பவில்லை; அவ்வளவே. அயலார் குற்றத்தைப் பார்ப்பதுபோலத் தன் குற்றத்தைப் பார்க்க வேண்டுமென்று வள்ளுவரும் கூறினார். புறங்கூறாமை அதிகாரத்தில் அது இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்துக்குமுன் ஆத்தும சோதனை செய்ய வேண்டுமென்பது விதி. யேசு சபையை ஸ்தாபித்த இஞ்ஞாசியார் இதை ஒரு கணக்குப் புத்தகம்போலவே ஆக்கினார். 1548-ம் ஆண்டில் அச்சான அவருடைய ஞானப் பயிற்சி நூலில், ஒரு மனிதன் தன் குற்றங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, அதில் விழுந்த தடவைகளை நாள்தோறும் இருவேளை கோட்டின்மேல் புள்ளிகளாகக் குறித்து, நேற்றோடு இன்றையும், சென்ற வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிடும்படி விதித்திருக்கிறார். சிலருக்கு இது சிரிப்பாயிருக்கலாம். நமக்கோ, கண்ணீரைவிடப் புள்ளி மேலென்று தோன்றுகிறது.

நிற்க. தனி மனிதன் குற்றத்தைக் காட்ட ஒரு நாத்தான் கிடைக்கலாம். புள்ளி வைக்க ஒரு கோடும் கிடைக்கலாம். ஊரே சேர்ந்து செய்யும் குற்றத்துக்கு யார் நாத்தான்? அதற்கு எந்தக் கோட்டில் புள்ளி வைப்பது? அதற்குக் குற்றமென்ற பெயரே இருப்பதில்லையே. வழக்கம், முறை, ஒழுங்கு என்றல்லவா பெயர்? செமோர், ஈப்போ வட்டாரத்துத் தமிழர்களின் முன்னோர் கப்பலேறிவந்த தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்றோர் ஊர். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தராயிருந்த நீலகண்ட பிள்ளை என்பவர் 1745-ம் ஆண்டில் இவ்வூரில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியதும், மனிதர் யாவரும் சமமென்று பேசியதும் மேற்குலத்தார்க்குப் பொறுக்கவில்லை. பல கொடுமைகளுக்குப்பின் 1752-ம் ஆண்டில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே ஊரில், அவர் இறந்து நூற்றிருபது ஆண்டு கழித்து, 1872-ம் ஆண்டில் ஒரு பெரிய கோவில் எழுந்தது. அதன் அமைப்பு விசித்திரமானது. காற்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரண்டு நீண்ட மண்டபங்கள். இரண்டும் சேருமிடத்தில் பீடம் ஒன்று. ஒரு காலில் வேளாளக் கிறிஸ்தவர்கள், மறு காலில் நாடார்களும் ஏனையோரும், இடையில் சுவர். பூசை வைக்கும் குருவை இரு திறத்தாரும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை.

அக்கோவிலில் நடந்த ஒவ்வொரு பூசையின் தொடக்கத்திலும் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மந்திரம் உண்டு. என் குற்றமே என்று மும்முறை மார்பில் தட்டிக்கொள்ளும் மந்திரம் அது. சுவருக்கு இருபுறமும் அந்தத் தட்டும் ஓசை ஏககாலத்தில் கேட்டிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருஷ காலம் கேட்டது. பொய்யைக் கோள்சொல்லலைத் திருட்டை நினைத்துத் தட்டினார்கள். கண்ணெதிரே நின்ற சுவரை நினைத்து எத்தனை பேர் தட்டியிருப்பார்கள்?

அவர்களை வேஷதாரிகள் என்று நாம் சொல்லவில்லை. வேஷதாரிக்குத் தன் குற்றம் தெரியும். இவர்களுக்குத் தெரியவில்லை, அதுவே விபரீதம். சுவரைக் கட்டுவித்தவர்களும் அற்ப மனிதரல்லர். அந்த வட்டாரத்தில் மதுரை மிஷனை நடத்திய யேசு சபைப் பாதிரிமார், புள்ளி வைக்கக் கற்பித்த இஞ்ஞாசியாரின் பிள்ளைகள். ஊர்ச் சண்டையை அடக்க வேறு வழியில்லையென்று அவர்கள் நினைத்தனர். சமாதானத்தின் பொருட்டுச் செய்யப்பட்ட அநியாயம் மிகவும் உறுதியாகக் கட்டப்படுகிறது. அதைப் பாவமென்று சந்தேகிக்கவும் ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

1910-ம் ஆண்டில் மேற்றிராணியாரின் அதிகாரத்தால் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளத் தலைவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டு வரை சென்று, அவர்களுக்குப் பாதகமாக முடிந்தது. சுவரால் ஆதாயம் பெற்றோர் அதைத் தாமாக இடிக்கவில்லை என்பதையும், இடித்தபின்னும் அது தம் உரிமையென்றே சத்தியம் செய்தனர் என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். அதுவும் போகட்டும். சுவரால் அவமானம் அடைந்தோர், தமக்குங் கீழென்று கருதப்பட்டோரை எங்கே நிற்க வைத்தனர் என்ற கேள்வியும் ஒன்றிருக்கிறது. உத்திரம் ஒருவர் கண்ணில் மட்டும் இருப்பதில்லை.

புராட்டஸ்டண்டு சபையிலும் இதே கதை வேறு விதமாய் நடந்தது. கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன் 1833-ம் ஆண்டில் சபையினுள் சாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டுமென்று நிருபம் விடுத்தார். தஞ்சையில் பலர் சபையைவிட்டே வெளியேறினர். எதிர்த்தவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய அப்பெருங் கவிஞரின் பாட்டுகளைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடி உருகுகின்றனர், உருகத்தான் வேண்டும். அவ்வளவு பக்தியும் புலமையும் இருந்த கண்ணுக்கும் இந்த ஒன்று தெரியவில்லை. எதிரே நின்ற வெள்ளைக்காரக் கூட்டத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. தமிழன் சாதியை விடவேண்டுமென்று போதித்த அதே இனத்தார், மலாயாவில் ஆசியாக்காரன் அங்கத்தினனாக முடியாத கிளப்புகளில் உட்கார்ந்து மாலைப் பொழுதைப் போக்கினர். அவர்கள் கண்டது மெய்யான துரும்பே; உத்திரத்தின் சங்கதி வேறு.

நம்மவர் கப்பலேறியபோது இவையெல்லாம் மூட்டையோடு ஏறின. கங்காணி தன் உறவினரையும் தன் சாதியாரையும் அக்கம்பக்கத்து ஊராரையும் கட்டிக்கொண்டு வந்தான். ஊரிலிருந்த தெருக்கள் தோட்டத்தில் தனித்தனி லயங்களாயின. பால் வெட்டுங் கத்தி ஒன்றே, வாளி ஒன்றே, துரையின் வசவும் ஒன்றே. தண்ணீர்க் குவளையும் சாப்பாட்டுப் பந்தியும் வேறு. 1938-ம் ஆண்டில் இந்திய சர்க்கார் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திற்று. ஆட்கள் வருவது நின்றதேயன்றி, வந்தது நிற்கவில்லை.

பால் வெட்டினவர்களுக்கு ஒன்று தெரியும். கத்தி சற்று ஆழமாய் இறங்கி மரத்தின் உள்ளே பட்டுவிட்டால் காயம் உண்டாகிறது. வெட்டினவன் ஒப்புக்கொண்டாலும் மறைத்தாலும் மண்டோர் வந்து பார்க்கையில் மரமே சொல்லிவிடும். பட்டை திரும்ப வளரும்போது அவ்விடம் முண்டும் முடிச்சுமாய் வளரும். பல வருஷங்கழித்து அந்தப் பட்டைக்குக் கத்தி வரும்போது, கஷ்டப்படுகிறவன் அன்று வெட்டினவனல்லன், வேறொருவன். சாதி விஷயத்தில் இன்றைய இளைஞர், "இதை நாங்கள் செய்யவில்லையே" என்று கேட்பது நியாயந்தான். காயம் அவர்கள் செய்ததன்று. ஆனால் முண்டு இருக்கும் பட்டை அவர்கள் பங்குக்கு வந்திருக்கிறது.

செமோரைச் சுற்றிலும் ரப்பர் நின்ற இடங்களில் இன்று வீட்டு வரிசைகள் நிற்கின்றன. பழைய லயங்கள் பெரும்பாலும் போயின. கோவிலில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். ஆதலால் குற்றம் ஒழிந்ததென்று நினைப்போர் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். பையன் படிப்பைக் கேட்பார்கள், உத்தியோகத்தைக் கேட்பார்கள், எந்தச் சபையென்று கேட்பார்கள். பிறகு குரலைச் சற்றே தாழ்த்தி, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்ற கேள்வி வரும். செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லாத சுவர் அது. எந்த மேற்றிராணியாரும் இடிக்க முடியாது.

சபைத் தலைவர்கள் பேசாமலில்லை. 2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டு மேற்றிராணிமாரிடம் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார் 2016-ம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், சபைக்குள்ளேயே தீண்டாமை நடப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பாவமென்றே கூறினர். தேவசகாயத்துக்கு 2022 மே மாதத்தில் அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பட்டது. அதற்குமுன் 2020-ம் ஆண்டில் அவர் பெயரிலிருந்து 'பிள்ளை' என்ற பட்டத்தை ரோமாபுரி நீக்கிற்று. பெயரை வெட்டினால் பாவம் போகுமா என்று பரிகசித்தவர்களும் உண்டு. போகாது. ஆனாலும் ஓரிடத்தில் ஒரு புள்ளி வைக்கப்பட்டதென்று நாம் கொள்ளுகிறோம்.

ஆயக்காரன் சக்கேயுவின் கதையில், அவன் தன் பாவத்தைப்பற்றி நீண்ட பிரசங்கம் செய்ததாக லூக்காஸ் எழுதவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை திரும்ப என்று கணக்கே சொன்னான். திருடின பொருளைத் திருப்பிக் கொடாதவனுக்குப் பாவசங்கீர்த்தனம் பலிக்காதென்று ஞானோபதேசமும் கூறுகிறது. மானத்தைத் திருடினால் திருப்பிக் கொடுப்பது எவ்விதம்? பணத்தைப்போல எண்ணித் தர முடியாது. கொடுக்க மறுத்த ஒன்றை, பந்தியில் ஓர் இடத்தை, வீட்டில் ஒரு சம்பந்தத்தை, இனிக் கொடுக்கலாம்; அவ்வளவே நம் கைவசமிருப்பது.

ஜெபப் புத்தகங்களில் ஆத்தும சோதனைக்கென்று கற்பனைவாரியாகக் கேள்விகள் அச்சிட்டிருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பொய் சொன்னதுண்டோ, ஞாயிறு பூசை தவறியதுண்டோ, பெற்றோரை அவமதித்ததுண்டோ என்று அவை செல்லும். என்ன ஆட்கள் என்று கேட்டு ஒரு சம்பந்தத்தைத் தட்டியதுண்டோ என்ற கேள்வியை நாம் பார்த்த புத்தகம் எதிலும் காணோம். அதைச் சேர்க்க ரோமாபுரியின் உத்தரவு வேண்டுவதில்லை. செமோரிலுள்ள எந்த வீட்டுத் தகப்பனாரும் தாயாரும் இன்றிரவே பென்சிலை எடுத்துப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். இடம் நிறைய இருக்கிறது.