யார் போட்ட குப்பை?

‘இது நான் போட்ட குப்பை அல்ல’ என்ற வாக்கியத்தைப் போல மனிதனுக்கு நிம்மதி தருவது வேறொன்றில்லை. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. உண்மையாக இருப்பதனாலேயே அது அபாயமானது என்று எனக்குத் தோன்றுகிறது. பொய் சொல்லித் தப்பிக்கிறவனை அவனுடைய மனச்சாட்சி என்றாவது ஒரு நாள் பிடித்துக்கொள்ளும். உண்மையைச் சொல்லித் தப்பிக்கிறவனை யார் பிடிப்பது?

இந்தக் கேள்வி வெட்டவெளிச்சமாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் தேசியக் காடுகளும் புல்வெளிகளுமாக ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர் நிலம் மக்களின் பொதுச் சொத்தாக இருக்கிறது. 1905-ஆம் ஆண்டில் தோன்றிய வன இலாகா அதை நிர்வகிக்கிறது. அந்தக் காடுகளில் பல இடங்களில் யாரும் போய்த் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டுப் பழகலாம். நிபந்தனைகள் சில உண்டு. வீடுகளுக்கும், மனிதர் தங்கும் இடங்களுக்கும் 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. சாலைக்கோ நீர்நிலைக்கோ குறுக்கே சுடக் கூடாது. குப்பையை விட்டுவிட்டு வரக் கூடாது. துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற பெரிய வழக்கை நான் இங்கே தொடவில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கடைசி நிபந்தனை மட்டும்தான்.

சுடுவதற்குத் தோதான இடம் எப்படியிருக்கும்? மண்பாதை முடியும் இடமாக இருக்கும். குண்டு தாண்டிப் போகாமல் தடுக்க எதிரே ஒரு மண்மேடு இருக்கும். ஊரின் கண் அங்கே படாது. துரதிருஷ்டம் என்னவென்றால், வீட்டுக்கு வேண்டாத சாமான்களைக் கள்ளத்தனமாகக் கொட்டுகிறவன் தேடுகிற இடமும் அச்சாக இதுவேதான்! குப்பைக் கிடங்கில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் மெத்தையையும் ஒப்படைக்கப் பல ஊர்களில் கட்டணம் கேட்கிறார்கள். காட்டில் யாரும் கேட்பதில்லை. ஆகவே ஒருவன் இரவோடு இரவாக வந்து பெட்டியை வைத்துவிட்டுப் போகிறான். மறுநாள் இன்னொருவன் வருகிறான். தோளில் துப்பாக்கி, கண்ணெதிரே கண்ணாடி முகத்தோடு ஒரு பெட்டி. இதைவிட நல்ல இலக்கு ஏது? சுடுகிறான். பெட்டி நொறுங்குகிறது. ‘நான் கொண்டுவந்த பெட்டி அல்லவே!’ என்று வீட்டுக்குப் போகிறான்.

இந்த இருவரில் யார் பெரிய குற்றவாளி? முதல்வன்தான் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். சற்று நிதானித்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. முழுப் பெட்டியாக இருந்தவரை அதை இரண்டு ஆட்கள் தூக்கி வண்டியில் ஏற்றிவிடலாம். முதல்வன் செய்த தவறு, திருத்தக்கூடிய தவறு. இரண்டாமவன் சுட்ட பிறகு அது ஆயிரம் சில்லுகள். பழைய பெட்டிகளின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அந்தச் சில்லுகள் புல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போய்விட்டன. இனி அவற்றை எந்தக் கை பொறுக்கும்? பிறன் செய்த தீமையைத் தொடங்கி வைக்காதவன், அதைத் திருத்த முடியாததாக்கிவிட்டான். இதற்கு எந்த நியாய ஸ்தலத்திலும் சரியான பெயர் இல்லை. ஆனால் நம்மில் பலருடைய வாழ்க்கையில் இது தினசரி நடப்பு. வதந்தியைக் கிளப்பியவன் ஒருவன். ‘நான் கிளப்பவில்லை, கேட்டதைச் சொன்னேன்’ என்று அதை நாலு தெருவுக்குப் பரப்புகிறவன் மற்றொருவன். இரண்டாமவனை நாம் குற்றவாளியாக நினைப்பதுகூட இல்லை.

குப்பை குப்பையை அழைக்கும் என்பது வெறும் அனுபவ மொழி அல்ல. ஹாலந்து தேசத்தின் க்ரோனிங்கன் நகரத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 2008-இல் அதன் முடிவு வெளியாயிற்று. சைக்கிள்கள் நிறுத்தும் ஒரு சந்தில், ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிவைத்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 100 பேரில் 33 பேர் காகிதத்தைக் கீழே எறிந்தார்கள். அதே சுவரில், எழுதக் கூடாது என்ற அறிவிப்பையும் மீறிக் கிறுக்கியிருந்தபோது எறிந்தவர்கள் 69 பேர். சுவரில் கிறுக்கியவனும் காகிதம் எறிந்தவனும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. ஆனாலும் ஒருவன் மற்றவனுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். காட்டில் கிடக்கிற பெட்டியும் அப்படி ஒரு சீட்டுத்தான். அதைச் சுற்றிப் பித்தளைத் தோட்டாக் கூடுகளும், பிளாஸ்டிக் உறைகளும், ‘களிமண் புறா’ என்ற பறக்கும் தட்டுகளின் துண்டுகளும் சேர்கின்றன. பெயர்தான் களிமண், பெரும்பாலும் அவை சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்த்துச் செய்தவை. மண்ணோடு மண்ணாகிவிடும் என்று நினைப்பது பெயரை நம்பி ஏமாறுவதாகும்.

இதன் முடிவு என்ன? பொறுத்துப் பார்த்த அதிகாரிகள் ஒரு நாள் அந்த இடத்தில் சுடுவதற்குத் தடை போடுகிறார்கள். கொட்டியவன் வேறு பாதை தேடிப் போய்விடுகிறான். வண்டியில் ஒரு துடைப்பத்தையும் வாளியையும் போட்டுக்கொண்டு வந்து, தன் கூடுகளை எல்லாம் எண்ணிப் பொறுக்கிய யோக்கியனுக்குத்தான் தண்டனை! இது நியாயமா என்று அவன் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ‘துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கும்போதே 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி என் பணத்திலிருந்து நூற்றுக்குப் பத்துப் பதினொன்று என்று வரி போகிறதே!’ என்றும் அவன் சொல்லலாம். போகிறது, வனவிலங்குகளைக் காப்பதற்கும், சுடும் மைதானங்கள் அமைப்பதற்கும் போகிறது. ஆனால் எந்த வரியும் ஒரு காட்டுப் பாதையின் முடிவில் நின்று காவல் காப்பதில்லை.

பொதுச் சொத்தின் கதி இதுதான் என்று 1968-இல் காரெட் ஹார்டின் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டை விடுவான். லாபம் அவனுக்கு, நஷ்டம் எல்லோருக்கும். கடைசியில் புல்லே இருக்காது என்றார். கேட்கும்போது மறுக்க முடியாத தர்க்கம். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் தர்க்கத்தோடு நிற்காமல் ஊர் ஊராக நடந்ததை ஆராய்ந்தார். சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக் கிராமத்தில், பனிக்காலத்தில் தன் தொழுவத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ அத்தனைக்கு மேல் பொது மேய்ச்சலுக்கு ஓட்டக் கூடாது என்று 1517-லேயே ஒரு விதி செய்திருக்கிறார்கள். நூற்றாண்டுகள் கழிந்தும் புல் இருந்தது. அங்கே காவல் காத்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர், மாடு மேய்த்தவர்களேதான். இந்த ஆராய்ச்சிகளை அவர் 1990-இல் நூலாக்கினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அமெரிக்கக் காடுகளிலும் அப்படிச் சிலர் கிளம்பியிருக்கிறார்கள். விடுமுறை நாளில் சுடுகிறவர்களே கூட்டமாக வந்து, தாங்கள் போடாத குப்பையை மூட்டை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போகிறார்கள். ‘நீங்கள் சுத்தம் செய்யச் செய்ய, கொட்டுகிறவனுக்கு இன்னும் சௌகரியம்தானே?’ என்று கேட்கிறவர்களும் உண்டு. கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் கொட்டுகிறவனுக்குச் சௌகரியம் சுத்தமான இடமா, ஏற்கெனவே குப்பை கிடக்கும் இடமா? க்ரோனிங்கன் சந்து அதற்குப் பதில் சொல்லிவிட்டது. சுத்தமான இடத்தில் முதல் பெட்டியை வைப்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். பத்தாவது பெட்டிக்கு அது வேண்டியதில்லை.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். குற்றம் செய்தவனைத் தேடிப் போகிறது. அவன் அகப்படாவிட்டால் அநாதையாய் நின்றுவிடுகிறது. பொறுப்பு அப்படியல்ல. அது யார் அங்கே நிற்கிறானோ அவனிடம் வந்து சேர்கிறது. ‘ஏன் நான்?’ என்று அவன் கேட்கலாம். நீ நிற்கிறாய், உனக்குக் கை இருக்கிறது, பெட்டி இன்னும் உடையாமல் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னால் முடியாது. பல பேர் அடித்த பாம்பு சாகாது என்பார்கள். எல்லோருக்கும் உரிய காடும் எல்லோரையும் நம்பினால் பிழைக்காது. அதை யாராவது ஒருவன் தனதென்று நினைக்க வேண்டும். நினைத்ததோடு நில்லாமல், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்க வேண்டும். மறுபக்கம் பிடிக்க இன்னொருவன் வருவான் என்றே நான் நம்புகிறேன்.